பெரிய மார்க்கெட்டும் தொழில்முனைவோர் கூடல்களும்: ஓர் ஆய்வு நோக்கு

வணிகத்தைத் தமிழ் ஒருகாலும் புறத்தே நிறுத்தியதில்லை. பகற்சந்தையை நாளங்காடி என்றும் இரவுச்சந்தையை அல்லங்காடி என்றும் பெயரிட்டு வேறுபடுத்திய மொழி இது. சிலப்பதிகாரக் கோவலனின் தந்தைக்கு வாய்த்த மாசாத்துவான் என்னும் பெயரிலேயே ‘சாத்து’ என்ற வணிகக் கூட்டம் அமர்ந்திருக்கிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கதீஜா நாயகியாரின் சரக்கோடு சாம் நாட்டிற்குச் சென்ற பயணத்தை உமறுப்புலவர் சீறாப்புராணத்து விலாதத்துக் காண்டத்தில் விரிவாகப் பாடியுள்ளார். ஆயினும் நம் காலத்து வணிகர் கூட்டங்களைத் தமிழ்த்துறையினர் ஆய்வுப் பொருளாகக் கொள்வது அரிதாகவே உள்ளது. அக்குறையைச் சிறிதளவேனும் நீக்க முயல்வதே இக்கட்டுரை.

2016ஆம் ஆண்டு சனவரி 16ஆம் நாள் நடுவணரசு ‘ஸ்டார்ட்அப் இந்தியா’ திட்டத்தைத் தொடங்கியது. அதன் பின்னர்த் தொழில்முனைவோர் சந்திப்பு, பயிற்சிப் பட்டறை, முதலீட்டாளர் அறிமுகக் கூட்டம் என்பன சிறுநகரங்களுக்கும் பரவின. புதுச்சேரியில் பொறியியற் கல்லூரியாக இருந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாக வளர்ந்த நிறுவனத்தில் அடல் தொழில் வளர்ப்பு மையம் ஒன்று அமைந்தது. இக்கூட்டங்களால் நன்மை விளைகிறது என்பதில் ஐயமில்லை. அந்நன்மை யாரைச் சென்றடைகிறது என்பதே இங்கு எழுப்பப்படும் வினா. அதற்கு உரைகல்லாகப் பெரிய மார்க்கெட்டைக் கொள்கிறேன். நேரு வீதிக்கும் ரங்கப்பிள்ளை வீதிக்கும் இடையே, காய்கறி, மீன், பூ, மளிகை, பாத்திரம் எனப் பல்பொருளும் விற்கும் அவ்வங்காடிக்கு அரசு ஏடுகளில் குபேர் அங்காடி என்று பெயர். செல்வக் கடவுளாகிய குபேரன் பெயரோ என எண்ணத் தோன்றும், அன்று. புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் முதல் முதலமைச்சராக 1963இல் பொறுப்பேற்ற எதுவார் குபேரின் பெயரே அது. மக்கள் நாவில் அது என்றும் பெரிய மார்க்கெட்தான்.

சொல்லும் பொருளும்

‘நெட்வொர்க்கிங்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு ‘வலையமைப்பு’ என்று பெயர்த்தவர்கள் கணிப்பொறியை எண்ணிப் பெயர்த்தனர், மனிதரை எண்ணவில்லை. அங்காடியில் இப்பொருளைச் சுட்டத் தனிச்சொற்கள் முன்பே உள்ளன. ‘அவர் நமக்குப் பழக்கம்’ என்று கடைக்காரர் கூறுங்கால், அறிமுகமும் நம்பிக்கையும் அவ்வொரு சொல்லில் அடங்கிவிடுகின்றன. காசைக் குறிக்கும் ‘நாணயம்’ என்ற சொல்லே நேர்மையையும் குறிக்கிறது. எழுத்தும் வட்டியும் இன்றி அடுத்த கடைக்காரர் தரும் சிறுதொகைக்குக் ‘கைமாற்று’ என்று பெயர். இச்சொல்லைத் துணிகர மூலதனத்தின் இளைய உடன்பிறப்பு எனலாம். ஆனால் அதற்கு விண்ணப்பமும் விளக்கப் படங்களும் தேவையில்லை.

‘பட்டறை’ என்னும் சொல்லும் கருதத்தக்கது. கொல்லனும் தச்சனும் கைவேலை செய்யுமிடம் பட்டறை. ஆங்கிலச் சொல்லைத் தழுவிப் பயிற்சிக் கூட்டத்திற்கும் அப்பெயர் வந்தது. பயிலரங்கம் என்பது அதன் தூய வடிவம். எனக்குப் பட்டறையே உவப்பானது. பட்டறைக்குச் செல்பவன் கையில் கரி படியாமல் திரும்புவதில்லை. இன்று பட்டறை என்ற பெயரில் நடப்பன பலவற்றில் பாதிப் பொழுது பொன்னாடைக்கும் நினைவுப் பரிசுக்கும் நிழற்படத்திற்கும் கழிந்துவிடுகிறது. நம் தமிழ்த்துறைக் கருத்தரங்குகளும் இந்நோய்க்கு விலக்கல்ல என்பதை ஒப்புக்கொண்டு மேலே செல்வோம்.

கல்லிலும் செப்பிலும் கூட்டம்

வணிகர் ஓரிடத்தில் கூடித் தம் தொழில் பற்றி முடிவெடுத்தமைக்குத் தமிழ்க் கல்வெட்டுகள் சான்றாகின்றன. சுமத்திரா தீவின் பாருசு என்னும் துறைக்கு அருகில், லோபு துவாவில் கிடைத்த 1088ஆம் ஆண்டுக் கல்வெட்டு, திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் அங்குக் கூடியதைக் கூறுகிறது. துறைக்கு வரும் மரக்கலத் தலைவர் முதலியோர் கத்தூரியின் விலையை அளவாகக் கொண்டு பொன்னாகக் கட்டணம் செலுத்த வேண்டும் என்பது அவர்கள் செய்த முடிவு. தாய்நிலத்திலிருந்து பன்னூறு கல் தொலைவில் கூடியவர்கள் தம் முடிவைத் தமிழிலேயே வெட்டிவைத்தனர் என்பது எண்ணத்தக்கது.

இதனினும் முற்பட்டது கொல்லத்துத் தரிசாப்பள்ளிச் செப்பேடு. 849ஆம் ஆண்டு அளவினதாகக் கொள்ளப்படும் அவ்வேட்டில் மணிக்கிராமம், அஞ்சுவண்ணம் என்னும் இரு வணிகக் குழுக்கள் இடம்பெறுகின்றன. சாட்சியர் கையொப்பங்கள் அரபியின் கூஃபி எழுத்திலும் பகலவி எழுத்திலும் எபிரேய எழுத்தாலான பாரசீகத்திலும் உள்ளன. ஒருவர் எழுத்தை மற்றவர் படித்திருக்க இயலுமா என்பது ஐயமே. எனினும் ஓர் ஏட்டில் ஒருங்கே கையிட்டனர்.

அஞ்சுவண்ணம் என்ற சொல்லை ஐந்து வண்ணம் என்று பிரித்துப் பொருள் கண்டோர் உளர். பாரசீகத்தில் கூட்டம், அவை எனப் பொருள்படும் ‘அஞ்சுமன்’ என்பதன் திரிபே அது என்னும் கருத்தை இன்று ஆய்வாளர் பலர் ஏற்கின்றனர். அவ்வாறாயின் குழுவின் பெயரே ‘கூடல்’ என்றாகிறது. இசுலாமியத் தமிழிலக்கியத்தில் கிடைப்பவற்றுள் முற்பட்டதாகக் கருதப்படும் பல்சந்தமாலையிலும் அஞ்சுவண்ணம் பேசப்படுகிறது. இன்றும் நம் ஊர்களில் முசுலிம் அமைப்புகள் பல அஞ்சுமன் என்னும் பெயர் தாங்கி நிற்கின்றன. 1269ஆம் ஆண்டைச் சேர்ந்த தீத்தாண்டதானபுரத்துக் கல்வெட்டில் அஞ்சுவண்ணத்தார் மணிக்கிராமத்தாருடனும் கைக்கோளர், வாணியர் முதலிய உள்ளூர்த் தொழிலினத்தாருடனும் ஒன்றுகூடி, தம் சரக்குகளின்மீது கோயிலுக்கெனத் தாமே ஒரு கட்டணம் விதித்துக்கொண்டமை காணப்படுகிறது. கடல்கடந்து வணிகம் செய்தவரும் தறியில் நெய்தவரும் செக்காட்டியவரும் ஓரவையில் அமர்ந்தனர் என்பதே நம் வினாவிற்கு வேண்டிய செய்தி.

புதுச்சேரிக்கு வருவோம். பெரிய மார்க்கெட்டின் ஒரு பக்கத்து வீதி ஆனந்தரங்கப் பிள்ளையின் பெயரைத் தாங்கியது. அவருடைய மாளிகையும் அங்கேதான் உள்ளது. 1736 முதல் 1761 வரை அவர் எழுதிய நாட்குறிப்பை அரசியல் வரலாறாகவே பலரும் படிக்கின்றனர். வணிகரின் செய்தித் தொகுப்பாகவும் அதனைப் படிக்கலாம். எந்தக் கப்பல் வந்தது, என்ன சரக்கு இறங்கியது, எவர் எவரிடம் என்ன சொன்னார் என்பனவெல்லாம் அதில் நாள்தோறும் பதிவாகின்றன. செய்தியே அவ்வணிகரின் முதல்.

வீராம்பட்டினமும் நல்லவாடும்

புதுச்சேரிக்குத் தெற்கே, பழந்துறையாகிய அரிக்கமேட்டை ஒட்டி அமைந்த மீனவர் ஊர் வீராம்பட்டினம். 1945இல் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டில் அகழ்ந்து உரோமானிய வணிகத் தொடர்பை உலகறியச் செய்தார். அதே கரையில் 1998இல் தொடங்கிய ஒரு முயற்சியைத் தொழில்நுட்பக் கூட்டங்கள் நடத்துவோர் அனைவரும் கற்க வேண்டும் என்பது என் துணிபு. எம்.எசு. சுவாமிநாதன் ஆய்வு நிறுவனம் வில்லியனூரை நடுவாகக் கொண்டு, சுற்றுவட்டாரச் சிற்றூர்களில் தகவல் மையங்களை நிறுவியது.

அவர்கள் கணிப்பொறியை முதலில் கொண்டுசெல்லவில்லை. ஊரில் செய்தி எவ்வழியே பரவுகிறது என்று முதலில் வினவினர். உள்ளூர்க் கடைக்காரர், சந்தை, விதையும் உரமும் விற்பவர் ஆகியோரிடமிருந்தே மக்கள் செய்தி பெறுகின்றனர் என்பது அறியப்பட்டது. ஆனந்தரங்கர் அறிந்திருந்ததை இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் ஓர் ஆய்வு உறுதிசெய்தது எனலாம். மையத்திற்கான இடத்தை ஊரே தர வேண்டும், எல்லாச் சாதியாரும் தடையின்றி வரத்தக்கதாய் அவ்விடம் இருக்க வேண்டும் என்பன நிறுவனம் விதித்த கட்டளைகள். ஏம்பலத்தில் கோயிற் கட்டடத்திலேயே மையம் அமைந்தது. கோயிலின் வாயில் சிலர்க்கு அடைத்திருந்த காலத்தில், அதே கட்டடத்தின் மற்றொரு வாயில் அனைவர்க்கும் திறந்திருந்தது. மையங்களை நடத்திய தொண்டர்களுள் பெண்கள் மிகுதி. ‘நம்ம ஊரு செய்தி’ என்னும் இதழும் வெளிவந்தது.

வீராம்பட்டினத்தாருக்கு வேண்டியது சந்தை நிலவரமோ அரசுப் படிவமோ மட்டுமன்று. நாளைக் கடல் எப்படியிருக்கும் என்பதே. அமெரிக்கக் கடற்படை இணையத்தில் வெளியிட்ட அலையுயர முன்னறிவிப்பை மையத்தார் எடுத்து, தமிழில் சொல்லி, ஒலிபெருக்கி வழியே கடற்கரைக்கு அறிவித்தனர். எழுத்தறியாதவருக்கும் அது எட்டியது. வலை வீசுபவரே தொழில்முனைவோர்தாம். படகும் வலையும் அவர் முதல், கடல் அவர் களம். அவர் மொழியில், அவர் கேட்குமிடத்தில், அவருக்கு வேண்டியதைச் சொன்னதே அம்முயற்சியின் நுட்பம்.

இதன் பயன் 2004ஆம் ஆண்டு திசம்பர் 26ஆம் நாள் மற்றொரு மீனவர் ஊராகிய நல்லவாட்டில் வெளிப்பட்டது. சிங்கப்பூரில் வேலை பார்த்த அவ்வூர் இளைஞர் ஆழிப்பேரலைச் செய்தியறிந்து வீட்டிற்குத் தொலைபேசியில் எச்சரித்தார். ஊரார் தகவல் மையத்தின் கதவை உடைத்துத் திறந்து, ஒலிபெருக்கியில் அறிவித்தனர். ஊர் முழுதும் மேட்டுநிலத்திற்கு ஓடி உயிர் தப்பியது. ஒரு தொலைபேசி அழைப்பு ஓரூர் மக்களைக் காப்பதற்கு, அவ்வழைப்பைப் பலர் செவிக்குக் கொண்டுசெல்லும் ஏற்பாடு முன்பே இருக்க வேண்டியிருந்தது.

கணித்தமிழர் கூட்டங்கள்

தொழில்நுட்ப ஆர்வலர் கூட்டங்களுள் தமிழுக்கு நிலைத்த பயன் தந்தவை சில. 1997இல் சிங்கப்பூரிலும் 1999இல் சென்னையிலும் நடந்த தமிழிணைய மாநாடுகள் அவற்றுள் முதன்மையானவை. நிறுவனத்திற்கொரு விசைப்பலகை என்றிருந்த குழப்பத்திற்கு ‘தமிழ்நெட் 99’ என்னும் பொது அமைப்பைச் சென்னை மாநாடு தந்தது. இன்றும் நாம் அதில் தட்டச்சிடுகிறோம். 2000இல் உத்தமம் அமைப்பு தோன்றியது. அதன் மாநாடு 2014இல் புதுச்சேரிக்கும் வந்தது.

மாநாடுகளுக்கு அப்பால், திங்கள்தோறும் இரண்டாம் சனிக்கிழமை கூடிக் கட்டற்ற மென்பொருள் கற்பித்துவந்த சென்னை லினக்சு பயனர் குழுவும், 2007இல் கோவை, சென்னை, விழுப்புரம், புதுச்சேரி ஆகிய ஊர்களில் நடந்த தமிழ் வலைப்பதிவர் பட்டறைகளும் குறிக்கத்தக்கவை. கற்றவர் கல்லாதவருக்கு அருகமர்ந்து கைபிடித்துக் காட்டிய கூட்டங்கள் அவை. அமெரிக்காவில் 2005இல் தோன்றி மறுவாண்டே சென்னைக்கு வந்த ‘பார்கேம்ப்’ என்னும் முறையில் பார்வையாளர் என்றொரு பிரிவே இல்லை. வந்தவர் எவரும் பேசலாம். நம் ஊர்த் திண்ணைக்கு இது புதிதன்று.

கடைக்காரர் வர இயலாத பட்டறை

இனி, தொடக்க வினாவிற்கு வருகிறேன். இன்றைய தொழில்முனைவோர் கூட்டங்களுக்குப் பெரிய மார்க்கெட் கடைக்காரர் ஏன் வருவதில்லை? காலை பத்து மணிக்கு, உணவக அரங்கில், ஆங்கிலத்தில் நடப்பது முதற் காரணம். பத்து மணி அங்காடியில் வியாபாரம் கொதிக்கும் நேரம். அவருக்குத் தொழில்நுட்பத்தில் அச்சம் என்று கூறுவது பொருந்தாது. 2016இல் யூ.பி.ஐ. வந்த சில ஆண்டுகளில் கட்டப் புள்ளிப் பலகை கடைதோறும் தொங்கியது. அதனைக் கற்க அவர் சான்றிதழ் வகுப்புக்குச் செல்லவில்லை; பக்கத்துக் கடையைப் பார்த்துக் கற்றார்.

பேசப்படும் பொருளும் அவரைச் சேர்ந்ததாய் இல்லை. கோடிகளில் மதிப்பிடப்படும் நிறுவனக் கதைகள் கேட்க இனியவை. ஆனால் சரக்கு சேவை வரிப் பதிவுக்கான விற்றுமுதல் வரம்பு 2019 ஏப்ரலில், சரக்கு விற்போருக்குத் தமிழகம் உள்ளிட்ட பல மாநிலங்களில் 40 இலட்சமாக உயர்ந்தபோது, புதுச்சேரி 20 இலட்சத்திலேயே நின்றது. கோட்டக்குப்பத்தில் பாத்திரக்கடை வைத்தவருக்கு ஒரு வரம்பு; சில கல் தொலைவில் பெரிய மார்க்கெட்டில் அதே கடை வைத்தவருக்கு மற்றொன்று. இதனை அறியாதவர் தண்டம் கட்ட நேரும். அவ்வாறே, சிறுதொழில்களுக்கான ‘உத்யம்’ பதிவு 2020 சூலை முதல் நடைமுறையில் உள்ளது. அரசு அதற்குக் கட்டணம் வாங்குவதில்லை. இதை அறியாதவர் இடைத்தரகருக்குப் பணம் கொடுக்கிறார்.

இத்தகைய செய்திகளைக் கடைக்காரர் படிக்கும் தமிழில், ஒரே தாளில் எழுதுவது எளிய செயலன்று. சட்டத் தமிழ் அவருக்கு விளங்காது. பேச்சுத் தமிழில் எழுதினால் பொருள் பிறழும். சொல்லைத் தேர்ந்து இரண்டிற்கும் நடுவே ஒரு நடை காண்பது மொழி பயின்றோர் வேலை; வணிகவியல் துறையினர் பொருளைச் சரிபார்த்துத் தரலாம். நம் இளங்கலை மாணவர் மொழிபெயர்ப்புப் பாடத்தின் செய்முறையாகவே இதனை மேற்கொள்ள இயலும். பிற்பகலில் அங்காடி சற்றே ஓய்ந்திருக்கும் பொழுது அதற்குத் தக்கது. வெள்ளிக்கிழமை மட்டும் ஜுமுஆ முடிந்தபின் வைத்துக்கொள்ளலாம். மேடையும் ஒலிவாங்கியும் வேண்டா. நாலைந்து கடைக்காரர் ஒரு கடை வாசலில் நின்று கேட்டால் போதும். முதல் தாளுக்குரிய பொருள், அந்த 20 இலட்ச வரம்பு.