ஒற்றை உம்மையும் இரட்டை உம்மையும்

தமிழில் இரண்டை இணைக்க எண்ணும்மை ஒன்றே போதும். ‘அண்ணனும் தம்பியும் வந்தனர்’ என்கிறோம். ஆனால், சி என்னும் கணினி மொழியில் உம்மை இருவகைப்படும். & என்பது ஒன்று; && என்பது மற்றொன்று. முன்னதைப் பிட்வழிச் செயற்குறி என்றும், பின்னதைத் தருக்கச் செயற்குறி என்றும் கூறலாம். இவற்றின் வேறுபாடு அறியாது மயங்குவோர் பலர்.

கணினி எண்களை 0, 1 என்னும் இரண்டு இலக்கங்களால் குறிக்கிறது. அவ்விலக்கம் ஒவ்வொன்றும் ஒரு பிட். 5 என்பது 101. 2 என்பது 010. ஒற்றைக் குறி இவ்விரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக நிறுத்தி, இடத்துக்கு இடம் ஒப்பிடும். இரண்டிலும் 1 உள்ள இடத்தில் மட்டுமே 1 இடும். இங்கு அத்தகைய இடம் இல்லை; ஆகவே விடை 0. இரட்டைக் குறியோ இலக்கங்களைப் பாராது. பூச்சியம் அல்லாத எண் எதுவாயினும் அதற்கு ‘மெய்’யே. 5உம் மெய், 2உம் மெய். ஆகவே விடை 1.

இம்மயக்கத்தால் வரும் கேடு யாது? யூனிக்ஸ் முறையில் கோப்பைப் படிக்க 4, எழுத 2, இயக்க 1 என உரிமைகள் குறிக்கப்படும். 5 உடையவர் படிக்கலாம், இயக்கலாம், எழுதலாகாது. ‘எழுதும் உரிமையாகிய 2 இவருக்கு உண்டா?’ என்று ஒற்றைக் குறியால் வினவினால் ‘இல்லை’ என்னும் விடை வரும். தவறி இரட்டைக் குறி இட்டால் ‘உண்டு’ என்று வரும். ஒரு குறி மிகுந்ததால் பூட்டிய கதவு திறந்துவிடுகிறது!

மற்றொரு வேறுபாடும் உண்டு. இடப்பக்கம் பொய்யானால் இரட்டைக் குறி வலப்பக்கத்தை நோக்காது. ‘மாணவர் தொகை 0 அன்று’, ‘மொத்த மதிப்பெண்ணை அத்தொகையால் வகுத்தால் 40க்கு மேல்’ என்னும் இரு நிபந்தனைகளை அதனால் இணைத்தால், மாணவர் எவரும் இல்லாதபோது வகுத்தலே நிகழாது. ஒற்றைக் குறி இருபக்கத்தையும் கணிக்கும். பூச்சியத்தால் வகுக்கப் புகுந்து நிரல் நின்றுபோகக்கூடும்.

‘அல்லது’ என்னும் பொருள் தரும் |, || ஆகியவற்றிற்கும் இப்பாகுபாடு உண்டு. அங்கே இடப்பக்கம் மெய்யானால் || வலப்பக்கத்தை நோக்காது.

டென்னிஸ் ரிட்சி 1970களின் தொடக்கத்தில் சி மொழியை ஆக்கியபோது, முதலில் இருபணிக்கும் ஒற்றைக் குறியே இருந்தது. ஆலன் ஸ்னைடர் வலியுறுத்தியதன்மேல் இரட்டைக் குறி பின்னர்ச் சேர்ந்தது. ஆயினும் ஒற்றைக் குறியின் பழைய வரிசை மாறவில்லை; == என்னும் சமக்குறி அதனை முந்திக்கொள்ளும். 5 & 2 == 0 என்று எழுதினால் 2 == 0 என்பதே முதலில் கணிக்கப்படும். எனவே (5 & 2) == 0 என அடைப்பிட வேண்டும்.

சுருங்கக் கூறின், எண்ணின் உறுப்புகளை ஆராய ஒற்றை. கூற்றுகளின் மெய்ம்மையை ஆராய இரட்டை. ஐயம் எழுந்தால் இரு எண்களையும் தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பாருங்கள்; ஐயம் அகலும்.