நாலாயிரமாவது பக்கம் யாருக்கு வேண்டும்?

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியப்பா எழுதுவது. நேற்று உன் அப்பன் போன் பண்ணினான். ராத்திரி இரண்டு மணி வரை உன் அறையில் விளக்கு எரிகிறதாம், தட்டில் வைத்த சோறு அப்படியே இருக்கிறதாம். போன மாதம் நீ சொன்னாயே, ஆர்டர் பட்டியலில் முதல் பக்கம் உடனே வருகிறது, உள்ளே போகப் போகச் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்று. அதுதானே காரணம்? மேனேஜர் பெரிய சர்வர் வாங்கலாம் என்கிறாராம். சர்வர் வாங்குவதா, க்வெரியை மாற்றுவதா என்பது உன் முடிவு. நான் தலையிட மாட்டேன்.

ஆனால் ஒன்று கேள். லிமிட் 20, ஆஃப்செட் 100000 என்று எழுதினால் டேட்டாபேஸ் அந்த லட்சத்தைத் தாண்டிக் குதிக்கும் என்று நினைக்கிறீர்கள். அது குதிக்காது. 1,00,020 ரெக்கார்டையும் வரிசையாக எடுத்து, லட்சத்தை வீசிவிட்டு, மிச்சம் 20-ஐக் கொடுக்கும். இண்டெக்ஸ் இருந்தாலும் எண்ணித்தான் ஆகவேண்டும். சாதாரண பி-ட்ரீ இண்டெக்ஸிடம் ‘லட்சத்து ஒன்றாவது எங்கே’ என்று கேட்டால் பதில் இல்லை. ‘இந்த மதிப்புக்கு அடுத்தது எங்கே’ என்று கேட்டால் நொடியில் சொல்லும். அதற்குத் தெரிந்ததைக் கேளேன். கடைசியாகக் காட்டிய ஆர்டரின் தேதியையும் ஐடியையும் வைத்துக்கொண்டு, அதற்கு முந்தைய 20 கொடு என்று கேள். இரண்டுக்கும் சேர்த்து ஒரே இண்டெக்ஸ் போடு. தேதியை மட்டும் நம்பாதே. ஒரே நேரம் பதிந்த இரண்டு ஆர்டர் பக்க எல்லையில் மாட்டினால் ஒன்று காணாமல் போகும். உன்னுடையது போஸ்ட்கிரெஸ்தானே, தேதி-ஐடி ஜோடியை ஒரே ஒப்பீடாகவே எழுதலாம். இன்னொரு லாபமும் உண்டு. ஆள் முதல் பக்கம் படிக்கும்போது புதிதாக மூன்று ஆர்டர் வந்தால், ஆஃப்செட்டில் இரண்டாம் பக்கத்தில் பழைய மூன்று திரும்ப வரும். இதில் வராது.

நஷ்டத்தையும் மறைக்கவில்லை: நாலாயிரமாவது பக்கத்துக்கு நேராகத் தாவ முடியாது. யாரம்மா தாவப் போகிறார்கள்? பழைய ஆர்டர் வேண்டுமென்றால் தேதி போட்டுத் தேடுவார்கள். எலாஸ்டிக்சர்ச்சே, நாமாக மாற்றாதவரை, 10,000 ரெக்கார்டுக்கு அப்பால் அப்படித் தாவவிடாது.

‘மொத்தம் இத்தனை பக்கங்கள்’ என்ற அந்த ஒற்றை வரி இருக்கிறதே, அதைக் கண்டாலே எனக்கு ஆகாது. நாங்கள் வேலை பார்த்த ஆரக்கிளில் 2013-இல் 12சி வரும்வரை ஆஃப்செட்டே கிடையாது. ரோநம் வைத்து க்வெரிக்குள் க்வெரி எழுதி மாரடித்தோம். அதோடு மேலதிகாரிக்கு மொத்தமும் வேண்டும். ஒவ்வொரு கிளிக்குக்கும் டேபிள் முழுவதையும் எண்ணும், எல்லாரும் காத்திருப்பார்கள். வரியை எடுத்துவிடலாம் என்றேன், யாரும் கேட்கவில்லை. பெரிய மிஷின் வாங்கினார்கள். டேபிள் வளர்ந்தது, மறுபடி அதே கதை. அந்த வருஷ தீபாவளிக்கு நான் ஏன் ஊருக்கு வரவில்லை என்று உன் அப்பனைக் கேள். சர்வர் விற்கிறவன் ஒருநாளும் க்வெரியைப் பார்க்கமாட்டான்.

போஸ்ட்கிரெஸிலும் துல்லியமான எண்ணிக்கைக்கு ஒவ்வொரு ரெக்கார்டாகப் பார்த்துத்தான் ஆகவேண்டும். மேனேஜர் பிடிவாதம் பிடித்தால், முழு டேபிளின் தோராயக் கணக்கு பிஜி_கிளாஸில் இருக்கிறது, அதைக் காட்டு. ‘அடுத்து’ பட்டன் வேண்டுமா என்று தெரிய எண்ணவே வேண்டாம். 21 கேள், 20 காட்டு.

திட்டுகிறேன் என்று நினைக்காதே கண்ணு. நம் குடும்பத்தில் உனக்கு இருக்கும் மூளை யாருக்கும் கிடையாது, உன் அண்ணன்கள் இருவரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நான் சொன்னதெல்லாம் உனக்கு முன்பே தெரிந்திருக்கும். பெரியம்மா பருப்புப்பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும் கூரியரில் அனுப்பியிருக்கிறாள். நீ சர்வரே வாங்கினாலும் சரி, எனக்கு வருத்தம் இல்லை. இண்டெக்ஸ் போட்டபின் எக்ஸ்ப்ளெய்ன் அனலைஸ் ஓட்டி, வந்ததை மட்டும் எனக்கு வாட்ஸாப்பில் அனுப்பு.

உன் பெரியப்பா