கடைசியாக வந்த மாணவியும் நமது பரிசுப் பட்டியலும்



பள்ளி விளையாட்டு விழாக்களுக்கு நமது அறக்கட்டளை பரிசு வழங்கும்போது, முதல் மூன்று இடம் பெற்றவர்களின் பட்டியலை மட்டுமே கேட்டு வாங்குவது வழக்கம். சென்ற ஆண்டு ஒரு பள்ளியில் பரிசளித்துவிட்டு நாம் மேடையை விட்டு இறங்கியபோது, உடற்கல்வி ஆசிரியர் ஒரு மாணவனைச் சுட்டிக் காட்டினார். ரிலே ஓட்டத்தில் பேட்டனைத் தவறவிட்டு அழுத சிறுவனின் தோளில் கைபோட்டு, "தப்பு நம்ம எல்லாருடையதும்தான்" என்று அணியினர் முன் சொன்ன கேப்டன் அவன். நமது பட்டியலில் அவன் பெயர் இல்லை. நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தான்.

ஓடிய வேகத்தைக் கடிகாரம் சொல்லிவிடும். தலைமைப் பண்பையும் பெருந்தன்மையையும் மனிதர்கள்தான் கண்டுசொல்ல வேண்டும்.

2012 ஜூனில் அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்தில் பள்ளி மாணவியருக்கான மாநிலப் போட்டி நடந்தது. 1600 மீட்டர் ஓட்டத்தில் முதலிடம் பெற்ற மாணவி, அதே நாளில் 3200 மீட்டரிலும் ஓடினார். களைத்துப்போய்க் கடைசியாக வந்துகொண்டிருந்தார். எல்லைக்கோட்டுக்குச் சற்று முன்னால் வேறு பள்ளி மாணவி ஒருத்தி சுருண்டு விழுந்தாள். அவளைத் தாண்டிப் போயிருக்கலாம். இவரோ தூக்கி நிறுத்தித் தாங்கி நடந்தார். எல்லைக்கோட்டை அவளே முதலில் கடக்கும்படி பார்த்துக்கொண்டார். அவளுக்கு 14ஆம் இடம், இவருக்கு 15ஆம் இடம். ஓடுபவருக்கு இன்னொருவர் கைகொடுத்தால் தகுதிநீக்கம் செய்யலாம் என்பது அன்றைய விதி. நடுவர்கள் அதைச் செய்யவில்லை. அவர் வென்ற தங்கத்தைவிட அந்தக் கடைசி இடத்தையே உலகம் நினைவில் வைத்திருக்கிறது.

இதிலிருந்து நாம் கற்க வேண்டியவை நான்கு.

1. செயலைப் பாருங்கள். "நல்ல பையன்" என்பது பரிசுக்குக் காரணமாகாது. எந்தப் போட்டியில், என்ன செய்தான் என்று ஒரு வரியில் எழுத முடிய வேண்டும்.

2. சோதனையான நேரத்தைக் கவனியுங்கள். வென்றபோது எல்லோரும் நல்லவர்களே. தோற்றபோதும், நடுவரின் தீர்ப்பு பாதகமானபோதும், ஆட்டத்தில் இறக்காமல் வெளியே உட்கார வைத்தபோதும் பிள்ளை எப்படி நடந்துகொள்கிறான் என்பதே கணக்கு.

3. பலரிடம் கேளுங்கள். கேப்டன் என்ற பெயர் இருப்பவன் மட்டும் தலைவனல்ல. இளைய மாணவர்கள் யாரிடம் ஓடிப்போய் யோசனை கேட்கிறார்கள்? எதிரணியினர் யாரை மதிக்கிறார்கள்? மாற்று ஆட்டக்காரர்களும் நடுவர்களும் ஆசிரியர் காணாததைக் கண்டிருப்பார்கள்.

4. மேடையில் காரணத்தைச் சொல்லுங்கள். பெயரை மட்டும் வாசித்தால் ஒருவனுக்குப் பரிசு. அவன் செய்ததைச் சொன்னால் கேட்டிருக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் பாடம். தகுதியானவர் இல்லாத ஆண்டில் இப்பரிசை நிறுத்தி வையுங்கள். ஆறுதல் பரிசாகிவிட்டால் அதற்கு மதிப்பிருக்காது.

பெற்றோருக்கும் இதில் பங்குண்டு. மைதானத்திலிருந்து வீடு திரும்பும் பிள்ளையிடம் "ஜெயிச்சியா?" என்பதோடு நிறுத்தாமல், "இன்னிக்கு யாரு நல்லா நடந்துக்கிட்டாங்க?" என்றும் கேளுங்கள். பிறரிடம் நல்லதைக் காணப் பழகிய பிள்ளை தானும் அதைச் செய்யத் துணியும்.

இன்ஷா அல்லாஹ், இவ்வாண்டு முதல் நாம் பரிசளிக்கும் ஒவ்வொரு பள்ளியிலும் தலைமைப் பண்புக்கு ஒன்று, பெருந்தன்மைக்கு ஒன்று என இரு பரிசுகள் சேர்க்கப்படும். அந்த கேப்டன் படிப்பை முடித்துப் பள்ளியை விட்டுச் சென்றுவிட்டான். அவனுக்குச் சேர வேண்டிய பாராட்டு நம் கையிலேயே தங்கிவிட்டது. இன்னொரு பிள்ளை விஷயத்தில் அந்தத் தவறு நேரக்கூடாது.