பனிக்காலத்திலும் மணமலர்கள்

மார்கழி, தை மாதங்களில் பூவிற்குத் தேவை மிகுதி. கோயில் வழிபாடு, பொங்கல், தை முகூர்த்தங்கள் எல்லாம் அடுத்தடுத்து வருகின்றன. ஆனால் குண்டுமல்லிச் செடி பூப்பதை ஏறத்தாழ நிறுத்திவிடும் காலமும் இதுவே. அதனால்தான் தோவாளைச் சந்தையில் ஒரு கிலோ மல்லிகை ஆயிரம் ரூபாயைத் தாண்டி விற்கும் நாட்களிலும் இராதாபுரம் வட்டத்து விவசாயி பலரிடம் விற்பதற்குப் பூ இருப்பதில்லை. கூடங்குளம் சுற்றுவட்டாரத்தில் பூந்தோட்டம் போட விரும்புவோர், நடுவதற்கு முன்பே பனிக்காலத்தை மனதில் வைத்துச் செடியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பனி என்ன செய்கிறது?

நம் கடற்கரையில் உறைபனி கிடையாது. எனவே செடி கருகிச் சாவதில்லை. இரவு வெப்பம் குறைந்து பகற்பொழுதும் சுருங்குவதால் குண்டுமல்லியில் புதுத்தளிர் ஓடுவதில்லை. தளிர் இல்லையேல் மொட்டும் இல்லை. ஆகவே நமக்கு வேண்டியது குளிரில் உயிர் பிழைக்கும் செடி அன்று. குளிரிலும் பூக்கும் செடி.

லாவெண்டர், லைலாக் போன்ற குளிர்நாட்டு மணச்செடிகளை ஆசைப்பட்டு வாங்கி நட வேண்டாம். கடுங்குளிர் இல்லாவிடில் லைலாக் ஒழுங்காகப் பூக்காது. ரோஸ்மேரி போன்றவை நீலகிரி மலைக்கு ஏற்றவை. நம் கடற்கரை வெப்பம் அவற்றுக்கு அவ்வளவாக ஒவ்வாது.

ஏற்ற செடிகள்

1. நட்சத்திர மல்லிகை கோ.1: தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2019இல் வெளியிட்ட இரகம். நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலும் பூக்கும் என்பது இதன் தனிச்சிறப்பு. மொட்டு மெதுவாக விரிவதால் தொலைவிடங்களுக்கும் அனுப்பலாம். மணம் குண்டுமல்லியை விட மென்மையானது.

2. பிச்சி: கார்த்திகை வரை நல்ல மகசூல் தரும். டிசம்பர் கடைசி வாரத்தில் கவாத்து செய்ய வேண்டும். மல்லிகை குறையத் தொடங்கும் வேளையில் கைகொடுக்கும்.

3. மரிக்கொழுந்து: இது பனிக்காலப் பயிரே. மணல் கலந்த செம்மண்ணில் நன்கு வளரும். பெருமழை நாற்றைக் கெடுத்துவிடும் என்பதால் கார்த்திகைக் கடைசியில் மழை ஓய்ந்த பின் விதைக்கலாம்.

4. சம்பங்கி: ஆண்டு முழுதும் பூக்கும்; பனியில் சற்றுக் குறையும். நீர் தேங்காத நிலம் வேண்டும். கிழங்குகளை 45 செ.மீ. வரிசையில் 20 செ.மீ. இடைவெளியில் நட வேண்டும்.

5. காக்கட்டான்: குளிரிலும் பூக்கும். மணம் குறைவு, ஆயினும் மல்லிகை அரிதாகும் நாட்களில் கட்டுப்பூவாக விலைபோகும்.

காற்றுத் தடுப்பு

ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக ஆடியில் வீசும் காற்றையும், கடலிலிருந்து வரும் உப்புக்காற்றையும் நம் வட்டாரத்தார் நன்கு அறிவர். தோட்டத்தின் மேற்கிலும் கடல் பக்கத்திலும் முதலில் சவுக்கு வரிசை நட்டு வளர்த்துக்கொள்ளுங்கள். அதன் உட்புறம் அரளி நடலாம். இரண்டும் உப்பைத் தாங்கும். அரளிப்பூ வருமானமும் தரும். வீட்டுத் தோட்டமானால் புன்னை மரம் ஒன்று வையுங்கள். அதுவும் உப்புக்காற்றைத் தாங்கி, மணமுள்ள வெண்பூக்களைத் தரும்.

30 சென்ட் திட்டம்

நிலம் முழுவதும் குண்டுமல்லியே நட்டால் பனிக்காலத்தில் வரவு நின்றுவிடும். அதை அடியோடு விட்டாலோ பங்குனி, சித்திரை வரவு போய்விடும். எனவே கீழ்க்கண்டவாறு பகிர்ந்து நடலாம்.

குண்டுமல்லி 15 சென்ட்: 1.25 மீட்டர் இடைவெளியில் சுமார் 385 செடிகள்.

நட்சத்திர மல்லிகை அல்லது பிச்சி 10 சென்ட்.

மரிக்கொழுந்து 5 சென்ட்: சுமார் 30 கிராம் விதை போதும். விதை மிகவும் சிறியதாதலால் மணலுடன் கலந்து தூவ வேண்டும்.

கவாத்தும் உரமும்

குண்டுமல்லியை நவம்பர் கடைசி வாரத்தில் தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்தில் கவாத்து செய்து, காய்ந்த குச்சிகளை நீக்குங்கள். உடனே செடி ஒன்றுக்கு 10 கிலோ தொழு உரம், 65 கிராம் யூரியா, 375 கிராம் சூப்பர் பாஸ்பேட், 100 கிராம் பொட்டாஷ் இட்டு நீர் பாய்ச்சுங்கள். இதே அளவு இரசாயன உரத்தை ஜூன்-ஜூலையில் மீண்டும் இடுங்கள். பூ இல்லாத பனிக்காலத்தில் செடிக்கு ஓய்வு கொடுத்து, கோடைப் பூவிற்குத் தயார் செய்யும் வேலை இது. ஆகையால் பூ இல்லையே என்று தோட்டத்தைக் கவனிக்காமல் விட்டுவிடக் கூடாது.

சுண்ணாம்புக்கல் கலந்த நிலங்களில் இளம் இலைகள் மஞ்சளாகி நரம்புகள் மட்டும் பச்சையாகத் தெரிந்தால் அது இரும்புச்சத்துக் குறைவு. லிட்டர் நீருக்கு 5 கிராம் வீதம் அன்னபேதி உப்பைக் கரைத்து, இலை பச்சையாகும் வரை மாதம் ஒரு முறை தெளியுங்கள்.

மொட்டுகள் நூலாம்படையால் பின்னப்பட்டுத் துளைகளுடன் காணப்பட்டால் அது மொட்டுப்புழுவின் வேலை. அம்மொட்டுகளைப் பறித்து அழித்து, 5 சத வேப்பங்கொட்டைச் சாறு தெளிக்கவும்.

பூச்செடி ஒரு முறை நட்டால் பல ஆண்டு நிற்பது. தவறான செடியை நட்டுவிட்டால் அது தெரியவருவதற்குள் இரண்டு ஆண்டுகள் வீணாகும். எனவே புதிய இரகத்தை முதலில் சில வரிசைகளில் மட்டும் நட்டு, உங்கள் மண்ணிலும் காற்றிலும் எப்படி வருகிறதென்று ஒரு பனிக்காலம் பாருங்கள். இரகத் தேர்வு குறித்துத் தோவாளையிலுள்ள பல்கலைக்கழக மலரியல் ஆராய்ச்சி நிலையத்தை அணுகலாம். இவ்வாறு திட்டமிட்டு நட்டால் தை மாதச் சந்தைக்கு நீங்களும் கூடை நிறையப் பூ கொண்டு செல்லலாம்.