காட்டைக் கணக்கெடுக்கும் கல்வி

பெங்களூரின் கிழக்குப் பகுதியில் அமைந்துள்ளது ஜீவனஹள்ளி. ‘ஹள்ளி’ என்னும் கன்னடச் சொல்லுக்குச் சிற்றூர் என்பது பொருள். சிற்றூர் இன்று மாநகரின் பகுதியாகிவிட்டது. பெயர் மட்டும் பழைய நிலையை நினைவூட்டுகிறது. இத்தகைய மாற்றங்களால் மரங்களும் உயிரினங்களும் எய்தும் நிலையை ஆராய்வது சூழலியல். அக்கல்விக்குப் புகழ்பெற்ற ஒரு மையம் இதே மாநகரில் உள்ளது.

மக்கள் ‘டாடா இன்ஸ்டிடியூட்’ என்று அழைக்கும் இந்திய அறிவியல் நிறுவனம் 1909ஆம் ஆண்டு நிறுவப்பட்டது. அதனுள் 1983ஆம் ஆண்டு சூழலியல் அறிவியல் மையம் தோன்றியது. அதனைத் தோற்றுவித்தவர் அறிஞர் மாதவ் காட்கில். அவரிடம் ஆய்வு மாணவராகப் பயின்றவர் சென்னையில் பிறந்த இராமன் சுகுமார்.

யானைகள் விளைநிலங்களுள் புகுவதேன் என்பது சுகுமார் ஆராய்ந்த வினாக்களுள் ஒன்று. ஓராண்டு உழைப்பை ஓரிரவில் இழக்கும் உழவருக்கு இவ்வினா வாழ்வோடு தொடர்புடையது. காடுகளிலும் அவற்றை அடுத்த ஊர்களிலும் தங்கி அவர் விவரங்களைத் திரட்டினார். காட்டுப் புல்லைவிடக் கேழ்வரகு போன்ற பயிர்களில் ஊட்டச்சத்து மிகுதி என்பதும், பெண்யானைக் கூட்டங்களைவிட வளர்ந்த ஆண்யானைகளே அடிக்கடி வயலுள் புகுகின்றன என்பதும் அவ்வாய்வில் புலப்பட்டன. யானையையும் உழவரையும் ஒருங்கே காக்க விரும்புவோர்க்கு இவ்வுண்மைகள் வழிகாட்டுகின்றன. 2006ஆம் ஆண்டு அவருக்குப் பன்னாட்டு காஸ்மாஸ் விருது வழங்கப்பட்டது.

இம்மையத்தார் நீலகிரி மாவட்டத்து முதுமலைக் காட்டில் 1988ஆம் ஆண்டு 50 ஹெக்டேர் நிலத்தைத் தேர்ந்தெடுத்தனர். அங்கே ஒரு சென்டிமீட்டரும் அதற்கு மேலும் விட்டமுடைய மரஞ்செடிகள் அனைத்தையும் எண்ணிட்டு அளந்தனர். அவற்றின் தொகை இருபத்தைந்தாயிரத்தைக் கடந்தது. ஆண்டுதோறும் பட்டுப்போனவை எவை, புதிதாக வளர்ந்தவை எவை என்று கணக்கெடுக்கின்றனர். யானைகள் விரும்பி உண்ணும் சில மரவகைகள் குறைந்து வந்ததும், காட்டுத்தீயில் இளமரங்களே மிகுதியாக மடிவதும் இத்தொடர்பணியால் அறியப்பட்டன. ஒருநாள் மட்டும் காட்டுக்குச் சென்று திரும்புவோர் இவற்றை அறிய இயலாது.

இக்கல்வியில் ஈடுபட விரும்பும் மாணவர்க்கு வழிகள் பல உள்ளன. இந்திய அறிவியல் நிறுவனம் 2011ஆம் ஆண்டு நான்காண்டு இளநிலைப் பட்டப்படிப்பைத் தொடங்கியது. பன்னிரண்டாம் வகுப்பில் அறிவியலும் கணிதமும் பயின்று, நுழைவுத்தேர்வில் தேர்ச்சி பெறுவோர் அதில் சேர்ந்து உயிரியலைச் சிறப்புப் பாடமாகக் கொள்ளலாம். பின்னர்ச் சூழலியலில் முனைவர் பட்ட ஆய்வு மேற்கொள்ளலாம். பெங்களூரிலேயே உள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் காட்டுயிரியல், காட்டுயிர்ப் பாதுகாப்பு ஆகியவற்றுக்கான முதுநிலைப் படிப்பு உண்டு. நிறுவனத்தின் ‘திறந்த நாள்’ நிகழ்வன்று பள்ளி மாணவரும் ஆய்வகங்களைக் கண்டு, ஆய்வாளரிடம் ஐயங்களைக் கேட்கலாம்.

களப்பணிக்கு அறிவியலோடு மொழியறிவும் வேண்டும். முதுமலைப் பகுதியில் தமிழும் கன்னடமும் பழங்குடியினர் மொழிகளும் வழங்குகின்றன. யானை வரும் வழியையும் மரம் பூக்கும் பருவத்தையும் நெடுங்காலமாகக் கண்டறிந்தவர்கள் அம்மக்கள். அவர்கள் மொழியில் உரையாடத் தெரிந்த ஆய்வாளர்க்கு அவ்வறிவு எளிதில் கிட்டும். தமிழும் கன்னடமும் அறிந்த பெங்களூர் மாணவர் இத்துறைக்கு வேண்டிய தகுதிகளுள் ஒன்றை இப்போதே பெற்றிருக்கின்றனர்.

சொற்பொருள்
எய்தும் – அடையும்
புலப்பட்டன – தெரியவந்தன
ஒருங்கே – ஒன்றாக
ஐயம் – சந்தேகம்

வினாக்கள்
1. யானைகள் பயிர்களை நாடி வருவதற்கான காரணம் யாது?
2. முதுமலையில் ஆண்டுதோறும் கணக்கெடுப்பதால் விளையும் பயன்கள் யாவை?
3. களப்பணிக்கு மொழியறிவு ஏன் தேவை? உமது கருத்தை ஐந்து தொடர்களில் எழுதுக.

செயல்பாடு
பள்ளி வளாகத்தில் ஒரு மரத்தைத் தேர்ந்தெடுக்கவும். தரையிலிருந்து 130 செ.மீ. உயரத்தில் அதன் சுற்றளவை அளந்து, நாளுடன் குறித்து வைக்கவும். ஓராண்டு கழித்து மீண்டும் அளந்து ஒப்பிடவும். மரத்தின் பெயரைத் தமிழிலும் கன்னடத்திலும் எழுதுக.