பட்டியலில் ஒரு பெயர்: புதுவைப் பழங்குடிக் குழந்தைகளும் சட்டமும்

ஓய்மாநாட்டு வேலூரில் எயினர்குல மகளிர் புளிச்சோறும் ஆமான் இறைச்சியும் அளித்துப் பாணரை ஓம்பிய சிறப்பைச் சிறுபாணாற்றுப்படை பேசுகிறது. அந்நாடு நம் புதுவைக்கு வடக்கே அண்மையில் அமைந்தது. வேட்டைக்குடியின் பெயரைச் சங்கப் புலவர் ஏட்டில் ஏற்றினார். நம்மிடையே வாழும் இருளரின் பெயரோ, புதுவைக்குரிய பழங்குடிப் பட்டியலில் 2016ஆம் ஆண்டில்தான் ஏறியது. இத்தாமதம் குழந்தைகளை எங்ஙனம் தாக்கியது என்பதை ஈண்டுக் காண்போம்.

அரசியலமைப்பின் 342ஆம் உறுப்பின்படி, எந்தெந்த இனத்தார் பழங்குடியினர் என்பதை ஒவ்வொரு மாநிலத்திற்கும் ஒன்றியப் பகுதிக்கும் தனித்தனியே குடியரசுத் தலைவர் அறிவிக்கிறார். பிரெஞ்சு ஆட்சி 1954இல் நீங்கியது. 1962இல் இணைப்புச் சட்டமுறையாக நிறைவுற்றது. 1964இல் புதுவைக்கெனப் பட்டியல் சாதியினர் ஆணை பிறந்தது. பழங்குடியினர் ஆணை மட்டும் பிறக்கவில்லை. தமிழகத்திலோ இருளர் பட்டியல் பழங்குடியினர்.

புதுவைச் சிற்றூர்களும் தமிழகச் சிற்றூர்களும் ஒன்றனுள் ஒன்று கோத்துக் கிடப்பதை நாம் அறிவோம். ஆகவே எல்லைக்கு அப்பாலுள்ள தமக்கையின் மகனுக்கு உதவித்தொகையும் இடஒதுக்கீடும் கிட்ட, இப்பாலுள்ள தங்கையின் மகனுக்கு அவை எட்டாக்கனியாயின. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் இப்பட்டியலையே அடிப்படையாகக் கொண்டது. எனவே பெயரில்லாக் குழந்தை சலுகையை மட்டுமன்றி, அச்சட்டம் தரும் காவலையும் இழந்தது.

2016 திசம்பரில் வில்லி, வேட்டைக்காரர் உள்ளிட்ட இருளர் பட்டியலில் இடம்பெற்றனர். காட்டுநாயக்கன், மலைக்குறவன், எருகுலா, குருமன் ஆகிய பிரிவினர் அவ்வறிவிக்கையில் இடம்பெறவில்லை. பெயர் ஏறியதாலேயே துயர் தீர்ந்துவிடவும் இல்லை. 2020இல் வில்லியனூர்ப் பகுதி வாத்துப் பண்ணையொன்றில் கொத்தடிமைகளாயிருந்த சிறுமியர் மீட்கப்பட்டனர். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டமோ 1976இலேயே வந்துவிட்டது!

ஏட்டிலுள்ள உரிமை குழந்தையின் கைக்கு வரவேண்டுமாயின் சான்றிதழ் வேண்டும். செங்கற் சூளைக்கும் மரம் வெட்டவும் ஊர் ஊராய்ப் பெயரும் பெற்றோரிடம் பிறப்புச் சான்றோ முகவரிச் சான்றோ இருத்தல் அரிது. பிறந்தவுடன் பதிவு பெறுதலும் பெயர் பெறுதலும் ஒவ்வொரு குழந்தையின் உரிமை என 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கை ஏழாம் உறுப்பில் கூறுகிறது. தொல்குடிக் குழந்தை தன் மொழியையும் பண்பாட்டையும் பேணும் உரிமையை முப்பதாம் உறுப்பு காக்கிறது. 1992இல் இந்தியா இவ்வுடன்படிக்கையை ஏற்றது. வயதுச் சான்று இல்லையெனப் பள்ளிச் சேர்க்கையை மறுக்கலாகாது என்பது 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு. இதனை அப்பெற்றோருக்கு எடுத்துரைப்பவர் யார்?

மாந்தர் பல குலத்தினராகப் படைக்கப்பட்டது ஒருவரையொருவர் அறிந்துகொள்ளவே எனத் திருமறையின் 49ஆம் அத்தியாயம் உணர்த்துகிறது. அறிதலின் முதற்படி பெயரை ஏற்பது. அடுத்த படி உடன் நிற்பது. விண்ணப்பம் எழுதத் தெரிந்த நம் மாணவர், ஓர் இருளர் குடியிருப்புக்குச் சென்று ஒரு குழந்தையின் பிறப்பைப் பதிவு செய்ய உதவினால், கற்ற தமிழுக்கும் அது பெருமையன்றோ!