அயல் மாநில அரசுப் பல்கலைக் கழகத்தில் இடம் கிடைக்குமா? கணக்கிட்டுப் பார்க்கும் முறை



எஸ்.டி.பி.எம்., ஏ லெவல் பரீட்சைகளில் தேறி, மேற்படிப்புக்கு அமெரிக்கா செல்ல நாடும் பிள்ளைகள் நம் குடும்பங்களிலும் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் அந்நாட்டின் அரசுப் பல்கலைக் கழகங்களைக் குறி வைக்கிறார்கள். "அரசாங்கக் கலாசாலைதானே! தனியாரைவிட எளிதில் இடம் கிடைக்கும், செலவும் குறைவு" என்பது பெற்றோர் பலரின் எண்ணம். அந்த எண்ணம் அம்மாநிலத்தில் வாழ்பவருக்குப் பொருந்தும். வெளியிலிருந்து செல்பவருக்குப் பொருந்தாது. வெளியார் தம் வாய்ப்பை எப்படி மதிப்பிட்டுக்கொள்ள வேண்டும் என்பதே இவ்விதழின் பாடம்.

அயலார் யார்?

அமெரிக்காவின் அரசுப் பல்கலைக் கழகங்கள் அந்தந்த மாநிலத்துக்குச் சொந்தமானவை. அம்மாநில மக்களின் வரிப்பணத்தைக் கொண்டு எழுப்பப்பட்டவை. ஆகவே அவற்றின் முதற் கடமை அம்மாநிலப் பிள்ளைகளுக்கே. விண்ணப்பங்கள் வந்ததும் உள்மாநிலத்தார் ஒரு வரிசையிலும் அயலார் மற்றொரு வரிசையிலும் நிற்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். பக்கத்து மாநிலத்துப் பிள்ளையும் அயலார்தான். பினாங்கிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ போகும் பிள்ளையும் அயலார்தான்.

"எங்கள் மாமா கலிபோர்னியாவில் இருபது வருஷமாக இருக்கிறார், அவர் வீட்டு முகவரியைப் போட்டால் ஆகாதா?" என்று கேட்பவர் உண்டு. ஆகாது. மாமாவின் குடியுரிமை மருமகனுக்கு வராது. மாணவர் விசாவில் சென்று சில ஆண்டுகள் தங்கினாலும், பொதுவாக உள்மாநிலத்தார் என்ற தகுதி கிடைப்பதில்லை. பொய் முகவரி கொடுத்தால், பிற்பாடு கிடைத்த இடமும் ரத்தாகலாம். அதைவிடப் பெரிய விஷயம், பொய்யில் தொடங்கும் கல்வியில் பரக்கத்தை எதிர்பார்க்க முடியாது.

மாநிலங்கள் வகுத்த வரம்பு

சில மாநிலங்கள் அயலாருக்கு உச்ச வரம்பே வகுத்திருக்கின்றன. வட கரோலினாவில் 1986-ஆம் ஆண்டு வந்த விதிப்படி, முதலாண்டு மாணவரில் அயலார் நூற்றுக்கு 18 பேருக்கு மேற்படக் கூடாது. பிற்காலத்தில் அங்குள்ள சில கல்லூரிகளுக்கு இவ்வரம்பு தளர்த்தப்பட்டது.

கலிபோர்னியாப் பல்கலைக் கழகம் 2017-இல் தன் ஐந்து வளாகங்களுக்கு 18 விழுக்காடு என்று வரம்பு வைத்தது. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலிஸ், சான் டியேகோ, இர்வைன் ஆகிய நான்கிலும் அயலார் அப்போது அதற்கு மேல் இருந்தமையால், இருந்த அளவோடு நிற்க வேண்டும் என்றது. 2021-இல் மாநில அரசு பெர்க்லி, லாஸ் ஏஞ்சலிஸ், சான் டியேகோ வளாகங்களில் அயலார் இடங்களைப் படிப்படியாகக் குறைத்து உள்மாநிலத்தாருக்குத் தரப் பணம் ஒதுக்கியது.

டெக்ஸஸில் 1997-ஆம் ஆண்டுச் சட்டம், பள்ளியில் முதல் பத்து விழுக்காட்டில் தேறும் அம்மாநில மாணவருக்கு அரசுப் பல்கலைக் கழகங்களில் தானாகவே இடம் தருகிறது. ஆஸ்டின் நகரப் பல்கலைக் கழகத்தில் நெருக்கடி மிகுந்ததால், அங்கு மட்டும் அது ஆறு விழுக்காடாகவும், 2026 சேர்க்கைக்கு ஐந்து விழுக்காடாகவும் சுருங்கியது. அங்கே முதலாண்டு இடங்களில் பத்தில் ஒன்பது டெக்ஸஸ் பிள்ளைகளுக்கே. மிஞ்சிய ஓர் இடத்துக்கு மற்ற மாநிலத்தாரும் உலகத்தாரும் போட்டியிடுகின்றனர்.

எல்லா இடமும் இப்படியில்லை. அலபாமாப் பல்கலைக் கழகத்தில் இளநிலை மாணவரில் பாதிக்கு மேற்பட்டோர் அயலாரே. அயலாரின் கட்டணம் அதற்கு வருமானமாகிறது; அதனால் கதவு அகலத் திறந்திருக்கிறது. ஆக, "அமெரிக்காவில் இடம் கிடைக்குமா?" என்று கேட்பதில் பயனில்லை. எந்த மாநிலம், எந்தப் பல்கலைக் கழகம் என்றே கேட்க வேண்டும்.

ஒரு கணக்கு

இனிக் கணக்குக்கு வருவோம். விளக்கத்துக்காக ஒரு கற்பனைப் பல்கலைக் கழகத்தை எடுத்துக்கொள்வோம். அதற்கு வந்த விண்ணப்பம் 40,000. அனுமதி பெற்றவர் 10,000. நூற்றுக்கு 25. "நாலில் ஒருவருக்குக் கிடைக்கிறது, நம் பிள்ளைக்கும் கிடைக்கும்" என்று தந்தை மகிழ்கிறார்.

இதையே பிரித்துப் பாருங்கள். உள்மாநிலத்தார் 12,000 பேர் விண்ணப்பித்து 6,000 பேர் அனுமதி பெற்றனர்; நூற்றுக்கு 50. அயலார் 28,000 பேர் விண்ணப்பித்து 4,000 பேர் பெற்றனர். ஏழில் ஒருவர், அதாவது நூற்றுக்கு 14. மொத்தக் கணக்கில் தெரிந்த 25 எந்த வரிசைக்கும் உரியதன்று.

இதற்கு எதிரான தவறும் உண்டு. அனுமதி பெற்ற உள்மாநிலத்தாரில் 4,000 பேரும், அயலாரில் 1,000 பேரும் வந்து சேர்கிறார்கள். சேர்ந்தவர் 5,000, அவர்களில் அயலார் நூற்றுக்கு 20. "அயலாருக்கு இடம் ஆயிரம், கேட்பவர் 28,000, நூற்றுக்கு நான்குகூட இல்லையே!" என்று மனம் உடைபவர் இருக்கிறார். அவரும் பிசகுகிறார். வரம்பு என்பது வந்து சேர்பவர் தொகைக்கு உரியது. அயலாரில் பலர் கட்டணத்தைக் கண்டு வாராமற் போவதால், ஆயிரம் இடத்தை நிரப்ப நாலாயிரம் பேரை அழைக்கிறார்கள். நாம் பார்க்க வேண்டிய எண் 14. 25-ம் அன்று, 4-ம் அன்று.

இந்த எண்களை எங்கே காண்பது? பல பல்கலைக் கழகங்கள் ஆண்டுதோறும் "காமன் டேட்டா செட்" என்னும் ஒரே அமைப்புள்ள புள்ளிவிவர அறிக்கையை வெளியிடுகின்றன. அதில் சேர்க்கையைப் பற்றிய "ஸி" பகுதியைப் பாருங்கள். அண்மை ஆண்டுகளின் அறிக்கைகளில் உள்மாநிலத்தார், வெளிமாநிலத்தார், வெளிநாட்டார் என மூன்றாகப் பிரித்த பட்டியலும் உண்டு. நமக்கு உரியது மூன்றாவது. அதே பகுதியில், மாநிலக் குடியிருப்பைச் சேர்க்கையில் எவ்வளவு கவனிக்கிறார்கள் என்பதும் குறிக்கப்பட்டிருக்கும்.

மதிப்பெண்ணை ஒப்பிடுதல்

பதினான்கு என்பது சராசரிதான். அதில் நம் பிள்ளை எங்கே நிற்கிறான் என்பது அடுத்த கேள்வி. சேர்ந்த மாணவரின் பரீட்சைப் புள்ளிகளில் நடுப் பாதியினர் எந்த எல்லைக்குள் இருக்கிறார்கள் என்று அறிக்கை காட்டும். அது உள்மாநிலத்தாரையும் சேர்த்த கணக்கு. ஆகவே அயலார், கீழ் எல்லையைத் தொட்டுவிட்டோம் என்று திருப்தியடையலாகாது. மேல் எல்லையை ஒட்டியாவது நிற்க வேண்டும்.

குறைந்தபட்சத் தகுதியிலேயே வித்தியாசம் வைப்பவரும் உண்டு. கலிபோர்னியாப் பல்கலைக் கழகம் உள்மாநிலத்தாரிடம் நாலுக்கு 3.0 சராசரி கேட்கிறது, அயலாரிடம் 3.4 கேட்கிறது. இது வாசலுக்குள் நுழையும் தகுதி, இடத்துக்கு உத்தரவாதமன்று. அங்கே எஸ்.ஏ.டி. புள்ளியைப் பார்ப்பதேயில்லை. அதனால் பாட மதிப்பெண்ணும், 350 சொல்லுக்கு மேற்படாமல் எழுதும் நான்கு விடைகளும் கனம் பெறுகின்றன. மற்றப் பல்கலைக் கழகங்களின் விதி வேறாக இருக்கலாம். கணினி, பொறியியல் போன்ற துறைகளில் போட்டி இன்னும் கடுமை. துறைவாரி விகிதம் கிடைத்தால் அதையே கொள்க.

பணமும் வாய்ப்பில் சேர்ந்ததே

இடம் கிடைத்தும் போக முடியாவிட்டால் அது வாய்ப்பன்று. கலிபோர்னியாப் பல்கலைக் கழகத்தில் உள்மாநிலக் கட்டணத்துக்கு மேல், அயலார் ஆண்டுக்கு 30,000 அமெரிக்க டாலருக்கும் அதிகமாகச் செலுத்த வேண்டும். நாலாண்டுக்கு இந்த மிகைத் தொகை மட்டுமே 1,20,000 டாலரைத் தாண்டும். அமெரிக்க மத்திய அரசின் கல்வி உதவி மாணவர் விசாவில் செல்பவருக்கு இல்லை. விசாவுக்கு வேண்டிய ஐ-20 பத்திரம் பெறவே, முதலாண்டுச் செலவுக்கு ஆதாரம் காட்ட வேண்டும்.

"இடம் கிடைக்கட்டும், பிறகு கடன் பார்க்கலாம்" என்பது தலைகீழான முறை. வட்டிக் கடன் வந்து நிற்குமானால், அது மார்க்கத்தில் எப்படிப்பட்டது என்பதை ஆலிம்களிடம் முன்கூட்டியே கேட்டுத் தெளிய வேண்டும். குடியிருக்கும் வீட்டை விற்று மூத்தவனை அனுப்பினால், அவனுக்குப் பின்னால் படிக்கக் காத்திருக்கும் தங்கைக்கு என்ன வழி என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். உபகாரச் சம்பளத்தை அயலாருக்கும் தரும் பல்கலைக் கழகங்கள் உண்டு. அவற்றைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்று பங்கு

இத்தனையும் பார்த்த பின் விண்ணப்பங்களை மூன்று பங்காக வகுப்பது நலம். ஒரு பங்கு, அரிதாயினும் ஆசைப்படுகிற இடம். ஒரு பங்கு, நம் மதிப்பெண் அயலார் வரிசையிலும் மேலாக நிற்கும் இடம். ஒரு பங்கு, கட்டாயம் கிடைக்கக்கூடியதும் நம் பணத்துக்குள் அடங்குவதுமான இடம். இம்மூன்றாம் பங்கில் நம் நாட்டுப் பல்கலைக் கழகத்துக்கு உரிய தேதியில் மனுச் செய்வதை மறவாதீர்கள். அதைத் தவறவிட்டால் ஒரு வருஷம் வீணாகும்.

பயிற்சி

1. நீங்கள் விரும்பும் பல்கலைக் கழகத்தின் மொத்த விகிதம் என்ன? வெளிநாட்டார் விகிதம் என்ன?
2. அம்மாநிலத்தில் அயலாருக்கு வரம்பு உண்டா? இவ்வாண்டும் அது நடைமுறையில் இருக்கிறதா?
3. உங்கள் மதிப்பெண் மேல் எல்லையில் நிற்கிறதா, கீழ் எல்லையிலா?
4. வட்டியின்றி நாலாண்டுச் செலவுக்கு வழி என்ன?

நான்குக்கும் விடையை ஒரு தாளில் எழுதித் தாய் தந்தையரோடு உட்கார்ந்து பேசுங்கள். மறுப்புக் கடிதம் வந்தால் அது பிள்ளையின் அறிவுக்கு அளித்த தீர்ப்பன்று. அவன் நின்ற வரிசை நீளமானது என்பதே பொருள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கப் பணித்த மார்க்கம் நம்முடையது. கணக்குப் பார்ப்பது கட்டுவது, முடிவு அல்லாஹ்விடம். நம் மக்கள் அனைவருக்கும் பயனுள்ள கல்வியை அவன் தந்தருள்வானாக, ஆமீன்.